சூடானால் அடங்கும் சத்தம்

பதினேழாயிரத்து நானூற்று முப்பது. மூன்று வருடப் பாக்கி. அந்தத் தொகையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே மெக்கானிக் கேட்டைத் தள்ளித் திறந்தார். கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர்.

அவரைக் கண்டதும் லாரிக்காரருக்கு முகம் செத்துப்போனது. சாவியை அப்போதுதான் கையில் எடுத்திருந்தார். இன்னும் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்.

"ஏங்க, வண்டி பாக்க ஏழு மணிக்கு வர்றோம்னுதானே சொன்னாங்க?" வாசலில் நின்ற மனைவி கிசுகிசுத்தாள்.

"ஆறுக்கே வந்து நிக்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

குளிர் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து காலையில் லாரியைக் கிளப்பினால் ஒரு கத்தல், கூடவே ஒரு டிக் டிக். ஐந்து நிமிடத்தில் இரண்டும் அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று அவரும் விட்டுவிட்டார். கையில் காசு இருந்தால்தானே கொண்டுபோய்க் காட்டுவதற்கு?

இருபது வருடம் மூட்டை ஏற்றி இறக்கி முதுகு போய்விட்டது. தெருமுனைப் பெட்டிக்கடை ஒன்று கைமாறுகிறது. இன்று சாயங்காலத்துக்குள் பதினைந்தாயிரம் முன்பணம் கட்டினால் கடை இவருக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. லாரியை விற்றால்தான் வழி.

வாங்க வந்த மரக்கடை முதலாளி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு மெக்கானிக்கின் பின்னால் நுழைந்தார்.

"நாலு லட்சம். பேசினது பேசினதுதான். இருபதாயிரம் இதோ, பையிலயே இருக்கு. மீதி மாசா மாசம் உன் வீடு தேடி வரும்." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "நம்ம மெக்கானிக் ஒருதடவை காதை வச்சுக் கேட்டுட்டா போதும். எஞ்சின் விஷயத்துல டாக்டரே இவர்கிட்ட பிச்சை வாங்கணும்."

மெக்கானிக் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

"நல்லது. கிளப்பு தம்பி."

லாரி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை உறுமியது. அப்புறம் கீஈஈச் என்று தெருவே எழுந்துகொள்ளும்படி ஊளையிட்டது. பக்கத்து வீட்டு நாய் அதற்குப் பதில் சொன்னது. ஊளைக்கு அடியில் டிக் டிக் டிக்.

"யோவ், இது வண்டியா, பன்னிக்குட்டியா?" என்றார் முதலாளி.

"குளிருங்க முதலாளி. நமக்கே காலையில தொண்டை கட்டிக்குதில்ல?"

மெக்கானிக் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடினார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மூடினார்.

மெல்ல மெல்லக் கத்தல் நின்றது. டிக் டிக்கும் போய்விட்டது.

"பாத்தீங்களா, அடங்கிருச்சு!" என்றார் லாரிக்காரர்.

மெக்கானிக் நிமிர்ந்தார். "அடங்கினது சத்தம்தான். எஞ்சின் போச்சு முதலாளி. சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க."

"விலையைக் குறைச்சுக் கேட்டா?"

"குறைச்சு வாங்கி? லோடோட நடுரோட்டுல படுத்துக்கும். நீங்கதான் தள்ளணும்."

முதலாளி தன் தொந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "அடேயப்பா, நல்லவேளை! நாலு லட்சம் தப்பிச்சுது."

"தப்பிச்சுதில்ல? அப்ப அந்தப் பதினேழாயிரத்து நானூத்தி முப்பதை எடுங்க. மூணு வருஷமா உங்க வண்டிகளுக்குப் பாத்த வேலை. இல்லேன்னா அடுத்த லாரிக்கு வேற காதைத் தேடிக்குங்க."

முதலாளி நெளிந்தார். மெக்கானிக் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் எச்சில் தொட்டுத் தொட்டு, இரண்டு தடவை எண்ணி, சில்லறை முப்பது வரைக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் லாரிக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க பாக்கி வசூலாகணும்னு என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே அண்ணே!"

"சாயங்காலத்துக்குள்ள கடைக்குப் பதினைஞ்சாயிரம் கட்டணும்," என்றாள் மனைவி. "இனி யார்கிட்டப் போய் நிப்போம்?"

மெக்கானிக் எஞ்சினை நிறுத்தினார். இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்துக் குனிந்தார்.

"பெல்ட் தொளதொளன்னு கெடக்கு, அதான் குளிர்ல கத்துது. இங்க பாரு, புகைக்குழாய்ல ரெண்டு நட்டு தளர்ந்திருக்கு. அதான் டிக் டிக். சூடானா இரும்பு விரிஞ்சு தானா அடைச்சுக்கும். நிஜமாவே எஞ்சின் போயிருந்தா, சூடாக ஆகச் சத்தம் கூடத்தான் செய்யும்."

"அப்ப எஞ்சின்?"

"இன்னும் பத்து வருஷம் ஓடும்."

லாரிக்காரர் துள்ளி எழுந்தார். இந்தத் தடவை 'அண்ணே' காணாமல் போயிருந்தது. "அப்புறம் எதுக்குய்யா பொய் சொன்னே? வந்த ஆளை விரட்டிட்டு, என்னைத் தெருவுல நிறுத்திட்டு..."

மெக்கானிக் நட்டை முறுக்கி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த நோட்டுகளில் பதினைந்தாயிரத்தை எண்ணி மனைவியிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இதைக் கொண்டுபோய்க் கடைக்குக் கட்டும்மா. வண்டியை அவசரப்படாம, முழுக் காசையும் கையில வைக்கிறவனுக்கு வித்துட்டு எனக்குத் திருப்பிக் குடுங்க."

லாரிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "முதலாளிதான் மீதியை மாசா மாசம் தர்றேன்னாரே?"

"தருவான் தருவான். வாங்குறதுக்கு உன் பேரன் போவான்."