திருப்பி வாங்காத புத்தகம்

செமஸ்டர் பாதியில் எடுத்திருந்த எட்டுப் புத்தகங்களையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, நூலக அட்டையையும் மேசைமேல் வைக்கிறாள் மாணவி. "இனிமே தேவைப்படாதுக்கா." அவள் குரலில் ஒரு சிரிப்பு இருக்கிறது, கண்ணில் இல்லை. நூலகத்து அக்கா அந்த அட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். 'கவுண்டர் மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை எடுத்து வைக்கிறார். வரிசை முணுமுணுக்கிறது, முணுமுணுக்கட்டும். வெயில் விழும் ஜன்னலோர பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தணிந்த குரலில் நேராகவே கேட்கிறார். "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" கேட்கப் பயந்தால் பிள்ளையைக் கோட்டைவிட்டுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். ஆமென்று அவள் தலை அசைகிறது. அக்கா பதறவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. "மறைக்கலையே, அது போதும். நம்ம காலேஜ் கவுன்சிலிங் ரூமுக்கு நானும் கூட வர்றேன், வா." எழும்போது அட்டையையும் ஒரு புத்தகத்தையும் அவள் கையிலேயே திணிக்கிறார். "இதை இன்னிக்கு வாங்க மாட்டேன். நாளைக்கு நீயே கொண்டு வந்து குடு."