காந்தம் வேண்டாம்

லேத்தை நிறுத்தியதும் மருமகன் தேடியது மோதிரத்தைத்தான்.

சுழலும் மெஷின் முன்னால் மோதிரத்தோடு நின்றால் விரல் மிஞ்சாது. அதனால் தினமும் கழற்றி டூல் பெட்டி மேல் வைப்பான். இன்று பெட்டி சரிந்து கிடந்தது. கீழே அலுமினியத் தட்டில் இரும்புத் தூளும் பித்தளைச் சுருளும் கலந்து குவிந்திருந்தன. மோதிரம் அதற்குள் எங்கோ.

கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரம். பட்டறை அவருடையது. பக்கத்து லேத்தில் நிற்பவரும் அவரே. அப்பா தங்கத்தில் போட்டார் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள் மனைவி. வெறும் விரலோடு வீட்டுக்குப் போகிற தைரியம் அவனுக்கு இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. இரும்பையும் பித்தளையையும் பிரிப்பதற்கென்றே ஆணியில் ஒரு காந்தம் தொங்குகிறது. தட்டில் ஓட்டினால் இரும்பு அதோடு போய்விடும். தங்குவது பித்தளையும் தங்கமும்தான்.

அவன் காந்தத்தை எடுத்ததும் மாமனார் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

“காந்தம் வேணாம் மாப்பிள்ளை. தங்கத்துக்கு ஆகாது.”

தங்கத்துக்குக் காந்தம் ஆகாது என்று அவன் கேள்விப்பட்டதே இல்லை. மாமனாரிடம் வாய் கொடுக்க முடியுமா?

அவர் சல்லடை எடுத்துச் சலித்தார். சுருள்கள் பின்னிக்கொண்டு சல்லடையையே அடைத்தன. தங்கம் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு கை அள்ளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். எல்லாமே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். தலைமுடி அளவு பிசகாமல் கடைகிறவர் இன்று ஏனோ எடுத்த சுருளையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வேண்டாவெறுப்பாக எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் மருமகன் காந்தத்தைத் தட்டில் ஓட்டினான். இரும்பு தாவி ஏறியது. தட்டில் பித்தளை மட்டும் மஞ்சளாக மிஞ்சியது. கிளறினான். மோதிரம் இல்லை. மறுபடியும் கிளறினான்.

பிறகுதான் காந்தத்தைத் திருப்பிப் பார்த்தான்.

இரும்புத் தூளுக்கு நடுவே மோதிரம் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பிய்த்தெடுத்து உட்பக்கம் பார்த்தான். தங்க முலாம் தேய்ந்த இடத்தில் இரும்பு தெரிந்தது; அதில் லேத்தில் கடைந்த மெல்லிய வரிகள். லேத்துக்காரனுக்கு லேத்து வேலை தெரியாதா? அளவே எடுக்காமல் எப்படி இவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்று கல்யாணத்தில் எல்லோரும் வியந்திருந்தார்கள்.

முதலில் கோபம்தான் வந்தது, இப்படி ஏமாற்றிவிட்டாரே என்று. பிறகு, அப்பா தங்கத்தில் போட்டார் என்று சொல்லும்போது மனைவியின் முகம் மலர்வது நினைவுக்கு வந்தது. இவ்வளவு நேரம் மண்டியிட்டுப் பொறுக்கிய அந்தக் கையும்.

மாமனார் திரும்பி வந்தபோது காந்தம் ஆணியில் தொங்கியது. தட்டில் எல்லாம் பழையபடி கலந்து கிடந்தது.

“கிடைச்சிருச்சு மாமா. கையாலேயே தேடி எடுத்தேன்” என்று விரலை நீட்டினான்.

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆசையாக விரலைப் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

காந்தத்தில் ஒட்டிக் கிடந்த இரும்பு கொஞ்ச நேரம் தானும் காந்தமாக இருக்கும். பட்டறையில் இது இருவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

மோதிரத்தைச் சுற்றி, மீசை முளைத்ததுபோல் இரும்புத் தூள் சிலிர்த்து நின்றது. மாமனார் கட்டைவிரலால் துடைத்தார்.

போகவில்லை.