கை மறைத்த வரி

“கையை எடு, லோரெட்டா. எழுத்து தெரியல!”

ஸ்டான் வழக்கம்போல் சிடுசிடுத்தார். லோரெட்டா வழக்கம்போல் காதில் வாங்கவில்லை. அவள் அணைத்துப் பிடித்திருந்த பதாகையில், இரத்தமும் நீலமுமாக ஒரு சிசுவின் படம். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பைப் பாதிக் கதவு அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். அடியில் இருந்த வாசகத்தை அவளுடைய கம்பளிக் கையுறைகள் மூடியிருந்தன.

எதிரே கருக்கலைப்பு மருத்துவமனை. சனிக்கிழமை காலைதோறும் பங்குக் கோயில் ஆட்கள் இந்த நடைபாதையில் நின்று செபமாலை சொல்வார்கள். பென்சில்வேனியாவின் நவம்பர் குளிரில் இன்று இவர்கள் இருவர்தான்.

“என்ன ஸ்டான், இன்னிக்கும் திகில் படமா?” என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தான் மருத்துவமனைக் காவலாளி.

“உன் வேலையைப் பாருடா!”

ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. படத்தைப் பார்த்ததும் முகம் கோணி அழுதாள். அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

“பாத்தியா, கலங்கிட்டா! அந்த வரியையும் படிச்சிருந்தா அப்படியே திரும்பிப் போயிருப்பா. உன் கைதான் கெடுத்துச்சு.”

“அந்தப் பொண்ணை அழவெச்சு என்ன ஆகப் போகுது?”

“அப்ப இதை ஏன் பிடிச்சிட்டு நிக்கிற? சிரிக்கிற பாப்பா போஸ்டர் சும்மாதான் கிடக்கு.”

“இதை நான்தான் பிடிப்பேன்.”

இவளிடம் பேசிப் பயனில்லை என்பது ஸ்டானுக்குத் தெரியும். மழை வந்தால் தன் கோட்டைக் கழற்றிப் பதாகைக்குப் போர்த்துகிறவள். திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் போடவும் விடமாட்டாள். மடியில் சாய்த்துக்கொண்டுதான் வருவாள்.

காப்பியும் டோனட்டுமாக வந்து சேர்ந்தார் ஃபாதர் கீரன். பங்குக்குப் புதிது, சின்ன வயது. காப்பியைக் கொடுத்த கையோடு விஷயத்தையும் சொல்லிவிட்டார்.

“இனிமே இரத்தப் படம் வேண்டாம் ஸ்டான். பாக்கிறவங்க பயந்து ஓடுறாங்க. பக்கத்துல போய்ப் பேசுவோம். தொட்டில் தர்றோம், துணி தர்றோம், கூட இருக்கோம்னு சொல்லுவோம்.”

“பயந்தாத்தான் ஃபாதர் திருந்துவாங்க! இதோ, இவளையே எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல. இந்தப் போஸ்டர் வந்த வாரமே ஓடி வந்து சேர்ந்தா. பத்து வருஷமா ஒரு சனிக்கிழமைகூடத் தவறினதில்ல. படம் பண்ணின வேலை அது!”

“முடிவு பண்ணியாச்சு ஸ்டான். குடுங்க லோரெட்டா, கோயில் குப்பைத் தொட்டியில போட்டுடறேன்.”

லோரெட்டா ஓரடி பின்வாங்கினாள்.

“குப்பையிலயா? வேண்டாம் ஃபாதர்! நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்.”

“வீட்டுக்கா? எங்க, சாப்பாட்டு மேசைக்கு மேல மாட்டப் போறியா?” ஸ்டான் சிரித்தார். ஃபாதர் சிரிக்கவில்லை. அவள் பதாகையை மார்போடு இறுக்கிக்கொள்வதை அவர் பார்த்துவிட்டார்.

“இந்தப் படம் எங்கேருந்து கிடைச்சது ஸ்டான்?”

“நம்ம கோயில்லதான்!” பெருமையாக நிமிர்ந்தார் ஸ்டான். “இறந்தவங்க படமெல்லாம் நவம்பர்ல கொண்டுவந்து பீடத்துக்கிட்ட வைப்போமே, அந்த மேசையில இருந்துச்சு. எல்லார் வீட்டுக் கிழவன் கிழவி படத்துக்கும் நடுவுல இது. பேரு இல்ல, ஒண்ணும் இல்ல. கலைச்ச பிள்ளைங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி யாரோ வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சுபோச்சு. எடுத்துப் பெருசாக்கி அச்சடிச்சேன். கீழே இருக்கிற வரியும் நான் எழுதினதுதான்.”

“அந்தச் சின்னப் படம்?”

“அச்சகத்துல எங்கேயோ தொலைச்சுட்டாங்க. அதான் பெருசு இருக்கே!”

லோரெட்டா மெல்லக் கைகளை விலக்கினாள். ஃபாதர் அந்த வரியை முதன்முறையாகப் படித்தார்.

‘என் அம்மாவுக்கு நான் வேண்டாம்.’

“நான் ஒருநாளும் அப்படிச் சொல்லல, ஸ்டான்,” என்றாள் லோரெட்டா. “அஞ்சாம் மாசம் வயித்துலயே இறந்துட்டான். நர்ஸ் எடுத்துக் குடுத்த ஒரே படத்தைத்தான் அந்த மேசையில வெச்சேன்.”