முனிராஜ் கேட்ட உதவி

“எப்படியாவது அவள ஃபெயில் பண்ணிடுங்க மேடம்.”

காருக்குள் உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கேட்காதபடி, மைதானத்தின் ஓரத்தில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னான் முனிராஜ். மோட்டார் வாகன ஆய்வாளர் யுவராணிக்குச் சுரீரென்றது. பாஸ் போடச் சொல்லி வருகிறவர்களைத்தான் அவள் இதுவரை பார்த்திருக்கிறாள்.

“ஏன்?”

“வூட்ல அஞ்சு வயசுல கொழந்தை இருக்குதுங்க. இவ வண்டிய எடுத்துக்கிட்டு போயி எதுனா ஒண்ணு ஆயிட்டா? நான் சொன்னேன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாங்க.” ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அதியமான்கோட்டை அருகே ஸ்கூட்டரில் போன அவன் மனைவி வெண்மதியை ஒரு வேன் அடித்துப் போட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வலது கையிலும் பாதிப் பிடிமானம்தான். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் இடது கையால் இயக்கும்படி காரில் லீவர் பொருத்தியிருந்தார்கள். ஸ்டியரிங்கில் இருந்த குமிழோடு வலது கையைப் பட்டையால் கட்டியிருந்தாள்.

முனிராஜ் காரை நெருங்கியதும் வெண்மதி புருவத்தை உயர்த்தினாள். அவன் மெல்லத் தலையாட்டினான். அவள் சட்டென்று குனிந்துகொண்டாள்.

எப்படி மிரட்டி வைத்திருக்கிறான்! யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நானும் பின்னாடி உக்காந்துக்கட்டுங்களா மேடம்?”

“வேணாம். அந்தக் கொட்டாய்கிட்டயே நில்லுங்க.”

கார் நகர்ந்தது. சற்று தூரம் போனதும் யுவராணி மெதுவாகக் கேட்டாள். “வேணும்னே தப்பா ஓட்டச் சொன்னாராம்மா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க மேடம்.” பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

யுவராணி முடிவு செய்துவிட்டாள். பாஸ் போட்டால் இவன் சும்மா இருக்க மாட்டான், நாளைக்கே மேலிடத்துக்கு மனு எழுதுவான். யாரும் வாய் திறக்க முடியாதபடி சோதித்துவிட வேண்டும்.

எட்டு போடச் சொன்னாள். பின்னோக்கி எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னாள். மேட்டில் நிறுத்தி எடுத்தபோது கார் ஒரு சாண் பின்னால் சரிந்தது. வெண்மதிக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

“இன்னொரு வாட்டி ஏத்தட்டுங்களா மேடம்?”

“ஏத்துங்க.”

இந்த முறை இம்மியும் சரியவில்லை. யுவராணி விடவில்லை. மறுபடி, அதற்கும் மறுபடி ஏற்றச் சொன்னாள். பிறகு பென்னாகரம் ரோட்டுக்கே கூட்டிப் போனாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து விரட்டியது, குறுக்கே ஆடுகள் வந்தன. வெண்மதி பதறவே இல்லை. ரோடு காலியானதும், யுவராணி திடீரென்று, “நிறுத்துங்க!” என்று கத்தினாள். இடது கை அந்தக் கணமே லீவரை அழுத்தியது. கார் கோட்டுக்குள்ளேயே நேராக நின்றது.

இதைவிடக் கடுமையாக அவள் யாரையும் சோதித்ததில்லை.

மைதானத்துக்குத் திரும்பியதும், “பாஸ்,” என்றாள்.

“நெசமாவாங்க மேடம்?”

“நெசமாத்தான். சும்மா போடல, நல்லா ஓட்டுனீங்க.” யுவராணி வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “உங்க வூட்டுக்காரர் உங்கள ஃபெயில் பண்ணச் சொல்லி எங்கிட்ட கேட்டாரும்மா. பாத்து இருந்துக்குங்க. எதுனா தொந்தரவுன்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க.”

வெண்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

“எம் புள்ள உக்காரப் போற வண்டிங்க மேடம் இது. பாவம் பாத்து பாஸ் போட்டுடுவீங்களோன்னு, நான்தாங்க அப்படிச் சொல்லச் சொன்னேன்.”