பழைய மனுஷன்

ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பட்டுராஜ், நெகேமியா ஆகிவிட்டான். குடிப்பதில்லை, மனைவியை அடிப்பதில்லை. தங்கபுஷ்பம் தன் கோணிப்போன மணிக்கட்டைக் காட்டினால் மட்டும் சாந்தமாகச் சிரிப்பான்.

"அது பழைய மனுஷன் செஞ்சது. அவன் ஆத்துலயே செத்துட்டாம்லா. கர்த்தரே மன்னிச்சிட்டாரு, இனி நீ யாரப் புடிச்சிக் கேக்கப் போற?"

ஒரு சாயங்காலம் அவன் உள்ளே வேதம் வாசித்துக்கொண்டிருந்தான். மழையில்லை. ஆனாலும் வாசலில் தண்ணீர் சொட்டுவது கேட்டு அவள் கதவைத் திறந்தாள்.

படியில் பட்டுராஜ் நின்றான். முழுகியபோது போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டையில் பாசி படிந்திருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கதவை உதைத்துத் திறந்தே பழகியவன், உள்ளே கால் வைக்காமல் அவள் மணிக்கட்டையே பார்த்தான்.

"இன்னும் வலிக்கா, புள்ள?"

பதினோரு வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை.

"வாசல்ல யாரு?" என்றது உள்ளேயிருந்து நெகேமியாவின் குரல்.

"எங்க வீட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டு, தலை துவட்டத் துண்டு எடுக்கப் போனாள்.