அடிக்காத அலாரம்

பவுலினாக்கா கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அக்கீலாவின் மேசை முழுவதும் பாரை மீன்.

கீபோர்டின் மேலேயே இரண்டு கிடந்தன, வயிறு வெடித்து. எங்கள் முதலாளி பாயிஸ் ஹாஜியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

"விடிய ஐஸ் வரும் எண்டுதானே கரையில காத்திருந்தன். இருபது பெட்டி. கொழும்பு லொறிக்காரன் மணந்து பாத்திட்டு ஏத்த மாட்டன் எண்டு போயிட்டான்."

அவர் கற்பிட்டிக் கரையில் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். ஐஸ் ஆலைக்கு ஓடர் போடும் இணையத்தளம் எங்களுடையது. தொலைபேசியில் அழுத்தினால் பச்சை அடையாளம் விழும். அது வெறும் அலங்காரம். ஓடர் எங்கள் சேர்வரில் பதிந்தால்தான் ஐஸ்.

பதியாவிட்டால் அலாரம் அடிக்கும். அடித்தால் நாங்கள் ஓடர் போட்டவருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து, திரும்பப் போடச் சொல்வோம். அந்த அலாரத்தை எழுதியவன் நான்.

நேற்று, வெள்ளிக்கிழமை, அது அடிக்கவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் சேர்வர் குறித்து வைக்கும்: எந்தப் பக்கத்துக்கு வந்தது, என்ன இலக்கத்தில் பதில் போனது, எவ்வளவு நேரம் எடுத்தது. இவற்றுக்கெல்லாம் ஐந்து வருடத்துக்கு முன் பெயர் வைத்தவன் நான். என் வசதிக்கு வைத்தேன்; அலாரமும் அந்தப் பெயர்களைத்தான் பார்க்கும். யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

பிறகு அக்கீலா வந்தாள். கரைத்தீவில் பிறந்தவள். தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களின் மகள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவளை 'அகதிப் பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

வந்து மூன்றாம் மாதமே ஒரு பட்டியலை நீட்டினாள். உலகம் முழுக்க இப்போது இவற்றுக்கு ஒரே பெயராம், நாங்களும் அதற்கு மாற வேண்டுமாம். எல்லோர் முன்னிலையிலும் என் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான்.

புதன்கிழமை சேர்வரில் பெயர்களை மாற்றினாள். எனக்கு ஒரு மெசேஜ் வந்தது: 'ஸியாத் நானா, அலாரத்தையும் மாத்திட்டீங்களா?'

'ஓம், மாத்திட்டன்' என்று அனுப்பினேன்.

மாற்றவில்லை. என் அலாரம் பழைய பெயருக்கே காது கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயரில் இனி ஒன்றும் வராது. ஒரு மணித்தியாலம் எல்லாம் குழம்பட்டும், அவளுடைய பட்டியல் நாறட்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது.

வெள்ளிக்கிழமையை நான் யோசிக்கவில்லை. அன்றைக்கு ஐஸ் ஓடர் இரண்டு மணியோடு மூடிவிடும். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டே எல்லோரும் அழுத்துவார்கள். சேர்வர் திணறிவிட்டது. ஒன்பது ஓடர்கள் பதியவில்லை.

எட்டுப் பேர் பழைய ஆட்கள். அழுத்தினாலும் ஆலைக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுக்கொள்வார்கள். பவுலினாக்கா மட்டும் பச்சையை நம்பினார்.

ஹாஜியார் என்னையும் அக்கீலாவையும் கணினிக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார். "ஏன் அடிக்கல்ல? எனக்கு ஆளைச் சொல்லுங்க. ஒருத்தர் இண்டைக்கு வேலைய விட்டு வீட்ட போகணும்."

அக்கீலாவின் கையில் அவளுடைய தொலைபேசி இருந்தது. என் மெசேஜ் அதற்குள் இருந்தது. அவள் அதைக் காட்டினால் என் கதை முடிந்தது.

ஏதாவது செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று அலாரத்தின் பக்கத்தைத் திறந்தேன். அதை யார், எப்போது பார்த்தார்கள் என்று ஓரத்தில் ஒரு வரிசை இருக்கும்.

அக்கீலா, புதன். அக்கீலா, வியாழன். அக்கீலா, வெள்ளி, ஒன்று இருபத்தைந்து.

ஒன்று இருபத்தைந்துக்கு நாங்கள் பள்ளிவாசலிலிருந்து நேரே வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அலுவலகத்தில் அவள் தனியே இருந்தாள். நான் மாற்றவில்லை என்று அவளுக்குப் புதன்கிழமையே தெரியும். அந்த ஒன்பது ஓடர்களும் சேர்வரின் திரையில் ஒவ்வொன்றாகச் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒரு கோலும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். என்னை விழுத்துவதற்கு.

என்னைவிடக் கெட்டவள் என்று நினைத்தேன். பிறகு, இல்லை, சரிசமம் என்று பட்டது.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள். தொலைபேசியை மெதுவாகப் பைக்குள் போட்டாள். நான் அந்தப் பக்கத்தை மூடினேன்.

ஹாஜியார் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஒருவரை வேலையிலிருந்து அனுப்புவதைவிட லேசான வழி ஒன்று இருப்பது அவருக்கு விளங்கியது. பவுலினாக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க அழுத்தக்குள்ள ஃபோன்ல கவரேஜ் இருந்திருக்காது. அதுதான் வந்து சேரல்ல."

பவுலினாக்கா அவரை நம்பவில்லை. எங்கள் இருவரையும்தான் பார்த்தார். "நீங்க படிச்ச பிள்ளையள். சொல்லுங்க. பிழை என்ட ஃபோன்லயா?"

"ஓம் அக்கா" என்றாள் அக்கீலா.

"ஓம்" என்றேன் நானும். நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

அவர் தன் தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கோபத்தில் மேசையைப் பழுதாக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, குனிந்து மீன்களைப் பொறுக்கத் தொடங்கினார். நாங்கள் கால்களை ஒதுக்கிக் கொடுத்தோம்.