உள்ளபடி ஒரு கடல்

“அலை மாமியாராட்டம் சீறிக்கினு வந்துச்சாம்! என்னம்மா இது? அலைன்னா தண்ணிம்மா!”

திண்டிவனம் வாசகர் வட்டச் செயலாளர் நடராசன் கதைத்தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பரக்கத் நிஷாவுக்கு அது தன் முதுகிலேயே விழுந்த மாதிரி இருந்தது.

கோட்டக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வட்டத்தின் வெள்ளிவிழா மலர் இன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. ஷார்ஜாவிலிருக்கும் மகள் ஸாலிஹா, ‘உன் பேரை அச்சுல பாக்கணும்மா’ என்று தினமும் போனில் கேட்டபடி இருக்கிறாள்.

“சூரியன் மல்லாட்டைப் பயிறாட்டம் செவந்துது… கடலுக்கும் வேர்க்கடலைக் கொல்லைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“கதையில அது வானூர்ப் பொண்ணுங்க சார். இப்பதான் மொத மொதல்ல கடலைப் பாக்குது. அதுக்குத் தெரிஞ்சத வச்சித்தானே சொல்லும்?”

“இருக்கறத இருக்கறபடி எழுதணும்மா. உவமையெல்லாம் பவுடர் பூசுற வேலை.”

“அடிச்சிடுங்க சார். பேரை மட்டும் அடிச்சிடாதீங்க.”

கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. நுரை, பொங்கி வழியும் சோறாக இருந்தது. சோற்றோடு நுரையும் போயிற்று. ‘கடல் அழுதது’ என்ற இடத்தில், “கண்ணு எங்க இருக்குது அதுக்கு? காட்டுங்க பாப்போம்” என்றார். பாவம், அவளால் காட்ட முடியவில்லை.

நாலு பக்கம் ஒரு பக்கமானது. ஒரு பக்கம் ஒரு பத்தியானது. கடைசியில் மிஞ்சியதை நடராசன் உரக்கப் படித்தார்.

“கடல் இருந்தது. அவள் பார்த்தாள். வீட்டுக்குப் போனாள்.”

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதாம்மா கதை!”

பரக்கத் நிஷா தலையாட்டினாள். மொட்டை அடித்தாலும் பெற்ற பிள்ளை பெற்ற பிள்ளைதானே!

அப்போது, மலரின் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைத்துக்கொண்டிருந்த மலர்விழி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“சார், விளம்பரத்துக்குக் கீழ ரெண்டு வரி எடம் இருக்குது, அதுக்குள்ள இந்தக் கதையை அடக்கணும்னீங்களே… அந்த எண்ணெய்ச் செக்குக்காரரு விளம்பரமே வேணாம்னுட்டாராம். முழுப் பக்கமும் காலியாக் கெடக்குது!”

நடராசன் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பரக்கத் நிஷாவைக் கவலையோடு பார்த்தார்.

“ஏம்மா, கடல் எதாட்டம் இருந்துச்சுன்னு ஒரு உவமைகூட இல்லியே… இதெல்லாம் ஒரு கதையா?”